மறுப்பதற்கென்று ஒரு நாற்காலி

எதிர்வாதத்தின் கதை – 9

சென்ற இதழில் அருணந்தி சிவாசாரியாரிடம் நின்றிருந்தோம். சிவஞான சித்தியாரில் தம் கட்சியைச் சொல்லும் சுபக்கத்துக்கு முன்னால் பரபக்கத்தை வைத்தார் அவர். பதினான்கு மாற்றார் கொள்கைகளை வரிசையாகப் பேசவிட்டு, ஒவ்வொன்றையும் மறுத்துவிட்டுத்தான் தம் பேச்சைத் தொடங்கினார். உலோகாயதனுக்கும் பௌத்தனுக்கும் நியாயமாகவே இடம் கொடுத்தார். ஆனாலும் அந்த ஏற்பாட்டில் ஆசிரியருக்கு ஒரு வசதி இருந்தது. எதிரியின் வசனத்தை எழுதுபவரும் அவரே, மறுப்பவரும் அவரே. எதிரி எந்த இடத்தில் திணற வேண்டும் என்பதை அவர் முன்பே அறிவார்.

எதிர்த்தரப்பை வேறொருவர் கையில் கொடுத்தால்? அவருக்குச் சம்பளமும் கொடுத்து, "விட்டுக்கொடுக்காமல் இருப்பதுதான் உம் வேலை" என்று சொல்லிவிட்டால்? கத்தோலிக்கத் திருச்சபை ஏறக்குறைய நானூறு ஆண்டுகள் அப்படியொரு பதவியை வைத்திருந்தது. அந்தப் பதவிக்காரரின் மேசைக்கு வந்த கோப்புகளில் ஒன்று நம் இராமநாதபுரம் சீமையிலிருந்து போனது.

பதவியின் முறையான பெயர் விசுவாசக் காப்பாளர். ஊர் வைத்த பெயர் சாத்தானின் வக்கீல். ஒருவரைப் புனிதர் என்று அறிவிக்கக் கோரிக்கை வந்தால் அதை எதிர்த்து வாதாடுவது அவர் வேலை. இறந்தவரின் வாழ்க்கையில் என்ன கறை, சாட்சிகளில் யார் பொய் சொல்லக்கூடியவர், புதுமை (அற்புதம்) என்று சொல்லப்படுவது மருந்தால் நடந்ததா என்று எல்லாவற்றையும் தோண்டி எழுத வேண்டும். அற்பமாகத் தோன்றும் ஆட்சேபணையைக்கூட விட்டுவிடக் கூடாது. கோரிக்கைத் தரப்பு வக்கீல் ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் பதில் தர வேண்டும். இரண்டையும் அச்சிட்டுக் கர்தினால்களிடம் கொடுப்பார்கள்.

இதற்கான நெருக்கடி வெளியிலிருந்து வந்தது. 1523இல் மைசென் நகர ஆயர் பென்னோவை ரோம் புனிதராக அறிவித்தது. மார்ட்டின் லூத்தர் மறு ஆண்டே அதைக் கிழித்து ஒரு துண்டு நூல் எழுதினார். அதன்பின் 65 ஆண்டுகள் ரோம் ஒருவரையும் புனிதராக அறிவிக்கவில்லை. வடக்கே பாதி ஐரோப்பா எலும்புகளையும் மெழுகுவர்த்திகளையும் பார்த்துக் கேலி செய்துகொண்டிருந்தபோது புதிய பெயரொன்றை அறிவிக்க யாருக்குத் துணிச்சல் வரும்?

1588இல் திருத்தந்தை ஐந்தாம் சிக்ஸ்துஸ், புனிதர் கோரிக்கைகளை விசாரிக்கும் சடங்குப் பேராயத்தை நிறுவினார். அந்த ஆண்டே முதல் அறிவிப்பும் வந்தது: ஸ்பெயினின் தியேகோ. மன்னர் இரண்டாம் பிலிப்பின் மகன் படியில் விழுந்து மண்டை உடைந்து கிடந்தபோது பிழைத்தது தியேகோவின் அருளால்தான் என்று அரண்மனை நம்பியது. மன்னரும் விடாமல் வற்புறுத்தினார். புதிய நடைமுறையின் முதல் பலன் அரசியல் செல்வாக்கால் பழுத்தது என்பதைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். வக்கீல் எதற்குத் தேவைப்பட்டார் என்பது அதிலிருந்தே புரியும்.

பத்தாம் லியோவின் காலத்திலேயே, அதாவது 1521க்கு முன்பே, இப்படியொரு அதிகாரியைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. ஆனால் பதவிக்குப் பல் முளைத்தது 1631இல். வக்கீலோ அவர் பிரதிநிதியோ இல்லாமல் நடக்கும் எந்த விசாரணையும் செல்லாது என்று எட்டாம் உர்பான் ஆணையிட்டார். இரண்டே ஆண்டுகள் கழித்துக் கலிலியோவை மண்டியிட வைத்தவரும் இவர்தான். தமக்குப் பிடித்த எதிர்வாதத்தைக் கலிலியோ தம் நூலில் 'சிம்ப்ளிச்சியோ' என்ற அசட்டுப் பாத்திரத்தின் வாயில் போட்டுவிட்டார் என்பது அவர் மனக்குறைகளில் ஒன்று. அந்தக் கதையை நான்காம் பகுதியில் பார்த்தோம். எதிர்வாதத்தை யார் வாயில் வைப்பது என்பதில் மனிதருக்கு எவ்வளவு அக்கறை!

1634இல் உர்பான் இன்னொரு விதியும் போட்டார். ரோம் அனுமதிக்கும் முன்பே மக்கள் ஒருவரைப் பகிரங்கமாகப் புனிதராக வணங்கத் தொடங்கிவிட்டால் அதுவே அவருடைய கோப்புக்குத் தடை. இந்த விதியோடு நாம் இராமநாதபுரம் சீமையின் ஓரியூருக்கு வருகிறோம்.

ஜான் தெ பிரிட்டோ 1647இல் லிஸ்பனில் பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவனாக அரண்மனையில் இளவரசர் பெத்ருவின் தோழன். இயேசு சபையில் சேர்ந்து 1673இல் கோவா வந்து, அங்கிருந்து மதுரை மிஷனுக்கு வந்து அருளானந்தர் ஆனார். தத்துவ போதகர் என்ற ராபர்ட் தெ நொபிலி 1606இல் மதுரையில் தொடங்கிய வழி அது. சந்நியாசிபோல உடுத்துவது, இறைச்சியை விடுவது, தமிழில் பேசுவது, மதம் மாறியவர் குடுமியையும் பூணூலையும் சந்தனத்தையும் வைத்துக்கொள்ளவிடுவது. நொபிலி பிராமண சந்நியாசி கோலம் பூண்டார். எல்லாச் சாதியாரிடமும் போக வேண்டும் என்பதால் அருளானந்தர் பண்டாரசாமி கோலத்தை எடுத்துக்கொண்டார்.

1686இல் மறவர் நாட்டில் பிடிபட்டுச் சித்திரவதைக்கு ஆளானார். இனி இங்கே போதிக்கக் கூடாது என்ற கட்டளையோடு விடுவிக்கப்பட்டார். ஐரோப்பாவுக்குப் போனார். அரசராகிவிட்ட பழைய தோழர் பெத்ரு அங்கேயே வைத்துக்கொள்ள விரும்பியும் திரும்பி வந்தார். சிறுவல்லியின் தடியத்தேவர் நோய் தீர்ந்து 1693 ஜனவரியில் திருமுழுக்குப் பெற்றார். ஒரு மனைவி போதும் என்று மற்றவர்களை அனுப்பிவிட்டார். அனுப்பப்பட்டவர்களில் இளையவர் கடலாய், மறவர் நாட்டை ஆண்ட கிழவன் சேதுபதியின் உறவுப் பெண். அவர் அழுதுகொண்டு சேதுபதியிடம் போனார். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் பாம்பாற்றங்கரை மேட்டில் அருளானந்தரின் தலை வெட்டப்பட்டது.

அங்குள்ள மண் சிவந்தது அவர் இரத்தத்தால்தான் என்று ஊர் சொன்னது. இன்றும் சொல்கிறது. மண்ணை அள்ளிப்போய் நோயாளிக்குப் பூசுகிறார்கள். இதில் எந்த விசாரணைக்கும் ஊர் காத்திருக்கவில்லை. கிறித்தவர் அல்லாதவரும் வந்தார்கள். உர்பானின் விதி இதையெல்லாம் சந்தேகக் கண்ணோடு பார்க்கும் என்று ஓரியூருக்கு யார் சொல்வது!

இப்போது இதே விவரங்களை வக்கீல் கண்ணோடு படித்துப் பாருங்கள். வேதசாட்சி என்று அறிவிக்க, கொன்றவன் விசுவாசத்தின் மீதுள்ள வெறுப்பால் கொன்றான் என்று காட்ட வேண்டும். இங்கே கொன்றவருக்குக் குடும்பக் கோபம் இருந்தது. தடியத்தேவர் சேதுபதி பட்டத்துக்கு உரிமை சொல்லக்கூடியவர் என்று கருதப்பட்டவர். ஆகவே அரசியல் அச்சமும் இருந்திருக்கலாம். போகாதே என்று சொன்ன நாட்டுக்கு மறுபடி போனவர் மரணத்தைத் தானாக வரவழைத்துக்கொண்டாரா? நமக்கு இரக்கமற்றவையாகத் தோன்றலாம். ஆனால் கேட்கத் தகுந்த கேள்விகள்தாம். கேட்காமல் விட்டிருந்தால் பின்னால் வரலாற்றாசிரியர் கேட்டிருப்பார்.

ஆனால் கோப்பைத் தடுத்து நிறுத்திய ஆட்சேபணை வேறு. நெற்றிச் சந்தனமும் தாலியும் சம்பந்தப்பட்டது.

நொபிலியின் வழிமுறைகளை 1623இல் பதினைந்தாம் கிரகோரி அனுமதித்திருந்தார். சண்டை ஓயவில்லை. 1703 நவம்பரில் திருத்தந்தையின் தூதராகப் புதுச்சேரியில் வந்திறங்கினார் சார்ல் மைய்யார் தெ தூர்னோன். எட்டு மாதம் தங்கினார். அதிலும் பெரும்பகுதி நோயில் கிடந்தார். மதுரை மிஷனின் உள்நாட்டு ஊர்களுக்குப் போகவே இல்லை. 1704 ஜூலையில் தடை ஆணையை வெளியிட்டுவிட்டுக் கப்பலேறினார். திருமுழுக்கில் எச்சில் தொடுவதையும் மூச்சு ஊதுவதையும் தமிழர் அருவருப்பார்கள் என்று மிஷனரிகள் விட்டுவிட்டிருந்தார்கள், அதை இனி விடக்கூடாது. பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கூடாது. 108 இழை மஞ்சள் சரடு கூடாது. கல்யாணத்தில் தேங்காய் உடைக்கக் கூடாது. பெண் பெரியவளானால் சடங்கு கூடாது. சாணச் சாம்பலை நெற்றியில் பூசக் கூடாது. கிறித்தவ வாத்தியக்காரர் கோயிலில் வாசிக்கக் கூடாது. நோயில் கிடக்கும் பறையர் வீட்டுக்குக் குரு போகத்தான் வேண்டும். இந்தக் கடைசி ஆணையில் தூர்னோன் பக்கம்தான் நியாயம் என்பேன். மற்றவற்றில் எட்டு மாத நோயாளியின் அவசரம் தெரிகிறது.

இந்த ஆணை அருளானந்தரின் கோப்பைக் குறுக்கே வெட்டியது. தூர்னோன் மூடநம்பிக்கை என்று தடை செய்தவற்றை அருளானந்தர் தம் வாழ்நாள் முழுக்கக் கடைப்பிடித்தவர். ரோம் கண்டித்த பழக்கங்களை உடையவரை ரோமே எப்படிப் பீடத்தில் ஏற்றும்? கெட்டியான ஆட்சேபணை. இதற்குப் பதில் கிடைக்கும்வரை விசாரணை நகர முடியாது.

இந்த இடத்தில் பிரோஸ்பெரோ லம்பர்த்தினி வருகிறார். 1675இல் போலோஞாவில் பிறந்தவர், சட்டம் படித்தவர். சாத்தானின் வக்கீலாக அமர்ந்தவர்களில் இவருக்கு இணை இல்லை. 1708 முதல் இருபது ஆண்டுகள் அந்த நாற்காலி அவரிடம் இருந்தது. ஆட்சேபணை எழுதுவதில் கிடைத்த அனுபவத்தையெல்லாம் திரட்டி, 1734 முதல் 1738 வரை நான்கு தொகுதிகளில் அருளாளர் (புனிதருக்கு முந்தைய படி), புனிதர் அறிவிப்பு முறை பற்றிப் பெரிய நூல் எழுதினார். இருநூறு ஆண்டுகளுக்கு அதுவே அத்துறையின் சட்டப் புத்தகம்.

அதில் நோய் நீங்கும் புதுமைக்கு அவர் வைத்த சோதனைகள் இன்றும் பேசப்படுகின்றன. நோய் கடுமையானதாகவும் குணமாவது அரிதாகவும் இருக்க வேண்டும். தானாக இறங்கும் கட்டத்தை அது எட்டியிருக்கக் கூடாது. மருந்து கொடுக்கப்பட்டிருக்கக் கூடாது, கொடுத்திருந்தாலும் பலிக்கவில்லை என்று தெரிய வேண்டும். குணம் திடீரென்றும் முழுமையாகவும் நிகழ வேண்டும். நோய் திரும்பக் கூடாது. லூர்து மாதா திருத்தலத்தின் மருத்துவக் குழு இன்றும் இந்த அளவுகோலைக் கையில் வைத்திருக்கிறது. நம்பிக்கையைக் காப்பதற்காக ஒரு மனிதர் எழுதிய சந்தேகப் பட்டியல் அது.

பறந்த துறவி ஒருவரின் கோப்பும் அவரிடம் வந்தது. குப்பெர்த்தினோவின் ஜோசப், 1603 முதல் 1663 வரை வாழ்ந்த பிரான்சிஸ்கன். பூசையின்போது தரையைவிட்டு எழும்பி அந்தரத்தில் நின்றார் என்று ஏராளமானோர் சாட்சி சொல்லியிருந்தார்கள். நாற்காலியில் இருந்தவரை லம்பர்த்தினி கடும் சந்தேகத்தோடுதான் அதை எதிர்த்தார். முடிவில் சாட்சிகளை உடைக்க முடியவில்லை என்று கண்டு தம் நூலில் அதை ஒப்புக்கொண்டார். பின்னர் 1753இல் ஜோசப்பை அருளாளராக அறிவித்தவரும் லம்பர்த்தினியே. ஆம், அவர் அதற்குள் நாற்காலி மாறியிருந்தார்.

1740இல் ஆறு மாதம் இழுத்த திருத்தந்தைத் தேர்தலில் கர்தினால்கள் சோர்ந்திருந்தபோது, புனிதர் வேண்டுமென்றால் இன்னாரைத் தேர்ந்தெடுங்கள், ராஜதந்திரி வேண்டுமென்றால் இன்னாரை, நேர்மையான சாதாரண ஆள் போதுமென்றால் என்னை என்று லம்பர்த்தினி வேடிக்கையாகச் சொன்னதாக ஒரு கதை உண்டு. அவரையே தேர்ந்தெடுத்தார்கள். பதினான்காம் பெனடிக்ட் ஆனார். கிண்டல் அவர் சுபாவம். வால்ட்டேர் தம் நாடகமொன்றை அவருக்குக் காணிக்கையாக்கியபோதும் பதறாமல் மரியாதையாகப் பதில் எழுதியவர்.

அருளானந்தர் கோப்பின் தடைக்கு இப்போது அவரே தீர்ப்பளிக்க வேண்டும். 1741 ஜூலையில் தீர்ப்பு வந்தது. கர்தினால்கள் ஒருமனதாக அவரோடு நின்றார்கள். அந்தப் பழக்கங்களை அருளானந்தர் சமய அர்த்தத்தில் கைக்கொள்ளவில்லை, ஊர் வழக்கம் என்ற அளவில்தான் கைக்கொண்டார், ஆகவே அவை தடையல்ல, விசாரணை தொடரலாம். தூர்னோன் ஆணை வந்தது 1704இல், அருளானந்தர் இறந்தது 1693இல், அவர் காலத்தில் நடப்பில் இருந்தது 1623ஆம் ஆண்டு அனுமதி என்பதையும் நாம் சேர்த்துக்கொள்ளலாம். பிறகு வந்த சட்டத்தை வைத்து முன்பு இறந்தவரைத் தண்டிப்பது எந்த நீதிமன்றத்திலும் எடுபடாது.

அத்தோடு நின்றிருந்தால் மனம் மாறிய வக்கீலின் கதை என்று முடித்துவிடலாம். மூன்றே ஆண்டுகளில், 1744 செப்டம்பரில், இதே பெனடிக்ட், மலபார்ச் சடங்குகள் என்றழைக்கப்பட்ட இந்தத் தமிழ் வழக்கங்கள் பற்றிய இறுதி ஆணையை வெளியிட்டார். தூர்னோனின் தடைகளைப் பெரும்பாலும் உறுதிசெய்தார். எச்சில், மூச்சு விஷயத்தில் மட்டும் கொஞ்ச காலத்துக்கு விலக்குத் தந்தார். இந்தியாவுக்கு வரும் ஒவ்வொரு மிஷனரியும் இந்தத் தடைகளைக் கடைப்பிடிப்பேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். அந்தச் சத்தியம் 1940 வரை நீடித்தது. அருளானந்தர் செய்தது பாவமல்ல, இனி எவரும் அப்படிச் செய்யக் கூடாது. இரண்டும் ஒரே கையெழுத்து.

சிலர் இதை முரண்பாடு என்று எழுதியிருக்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இரண்டும் வேறு வேறு வழக்கு. ஒன்று இறந்த மனிதர் மீதான குற்றச்சாட்டு, மற்றது உயிரோடிருப்பவர்களுக்கான விதி. இருபது ஆண்டுகள் ஒரு பக்கமாகவே எழுதிப் பழகியவருக்கு, எந்த ஆட்சேபணை எந்த வழக்குக்குப் பொருந்தும் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்திருந்தது. எதிர்க்கட்சியில் உட்கார்ந்தே பழகியவர்கள் ஆட்சிக்கு வந்தால் திணறுவார்கள் என்பார்கள். இவர் திணறவில்லை. அருளானந்தரைக் காப்பாற்றியது தமிழ் வழக்கங்கள் மீதான பரிவு என்று நம்மவர் எழுதும்போது மட்டும் எனக்குச் சிரிப்பு வரும். 1744 ஆணையைப் படித்தவர் அப்படி எழுத மாட்டார்.

தடை நீங்கியும் வேகம் வரவில்லை. 1759இல் போர்ச்சுகல் இயேசு சபையைத் துரத்தியது. 1773இல் ரோமே சபையைக் கலைத்தது. மீண்டும் உயிர் வந்தது 1814இல். கோப்பைக் கையில் பிடித்து நடக்க ஆளில்லை. 1853இல் ஒன்பதாம் பயஸ் அருளாளராக அறிவித்தார். 1947 ஜூன் 22 அன்று புனிதர். கொலை நடந்து 254 ஆண்டுகள். மிஷனரிகளின் சத்தியம் ரத்தாகி ஏழே ஆண்டுகள்.

வக்கீல்கள் எழுதியதில் அபத்தமும் உண்டு. ஜோன் ஆப் ஆர்க் கோப்பில் எழுப்பிய ஆட்சேபணைகளில் ஒன்று, மாதா பிறந்த திருநாளன்று பாரிஸைத் தாக்கினாள் என்பது. சிறைக் கோபுரத்திலிருந்து குதித்ததும், தீக்குப் பயந்து ஒருமுறை பின்வாங்கிக் கையெழுத்திட்டதும் குற்றமாக வைக்கப்பட்டன. பத்தொன்பது வயதில் எரிக்கப்பட்ட பெண்ணிடம் ஏன் பயந்தாய் என்று கேட்கிறது அந்தக் காகிதம். ஆனால் பதிலும் எழுதப்பட்டது, அச்சிடப்பட்டது, 1920இல் புனிதரும் ஆனாள்.

1983 ஜனவரி 25 அன்று இரண்டாம் ஜான் பால் இந்த முறையை மாற்றினார். வக்கீலுக்கு எதிர் வக்கீல் என்ற சண்டை வேண்டாம், வரலாற்று ஆய்வாளர் ஒருவர் ஆதாரங்களைத் திரட்டி நடுநிலையாக எழுதட்டும் என்றார். விசுவாசக் காப்பாளர் பெயரளவில் மிஞ்சி, இறையியலாளர் கூட்டத்துக்குத் தலைமை வகிப்பவர் ஆனார். தேவையான புதுமைகளின் எண்ணிக்கையும் குறைந்தது. பழைய முறை வக்கீல் சாமர்த்தியத்தில் ஊறிப்போய்விட்டது என்ற குறை பொய்யல்ல. ஆனால் ஜான் பால் ஒருவரே 482 பேரைப் புனிதராக அறிவித்தார். அது முந்திய நான்கு நூற்றாண்டுகளின் மொத்தத்தைவிட அதிகம்.

ஆட்சேபணை அதனால் செத்துவிடவில்லை, வெளியே போய்விட்டது. தேவசகாயம் பிள்ளை 1752இல் ஆரல்வாய்மொழியில் சுடப்பட்டது விசுவாசத்துக்காகவா, அரண்மனைக் குற்றத்துக்காகவா என்ற வாதம் நாகர்கோவில் பத்திரிகைகளிலும் புத்தகங்களிலும் நடந்தது. 2012இல் கோட்டாற்றில் அவர் அருளாளர் ஆனார், 2022 மே 15 அன்று புனிதர். சேதுபதியின் கோபம் பற்றிய அதே வகைக் கேள்விதான். பழைய ஏற்பாட்டில் அது கோப்புக்குள் உட்கார்ந்து பதில் வாங்கிக்கொண்டு போயிருக்கும்.

அன்னை தெரசா 1997இல் இறந்தார். ஐந்தாண்டு காத்திருக்க வேண்டும் என்ற விதி தளர்த்தப்பட்டது. 2001இல், அவரைக் கடுமையாக விமர்சித்துப் புத்தகம் எழுதியிருந்த கிறிஸ்டபர் ஹிச்சன்ஸை வாஷிங்டன் உயர்மறைமாவட்டத்துக்கு அழைத்துச் சாட்சியம் கேட்டார்கள். நாத்திகர். சாத்தானுக்காகக் கட்டணம் வாங்காமல் வாதாடியவன் நான் என்று பின்னாளில் வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டார். வேடிக்கைக்கு நன்றாக இருக்கிறது, விவரம் சரியில்லை. அவர் வக்கீல் அல்ல, பல சாட்சிகளில் ஒரு சாட்சி. மற்றச் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யும் அதிகாரம் அவருக்கு இல்லை. லம்பர்த்தினிக்கு இருந்தது. மேற்கு வங்கப் பெண்ணொருவரின் வயிற்றுக் கட்டி கரைந்தது புதுமையால் என்று ரோம் ஏற்றது. மருந்தால்தான் கரைந்தது என்று சிகிச்சை செய்த மருத்துவர்கள் சொன்னார்கள். 'மருந்து கொடுக்கப்பட்டிருக்கக் கூடாது' என்று எழுதிவைத்தவர் அந்த இடத்தில் எத்தனை பக்கம் எழுதியிருப்பார்! 2003இல் அன்னை தெரசா அருளாளர், 2016இல் புனிதர்.

அடுத்த இதழில் திபெத்திய மடாலய முற்றத்துக்குப் போகிறோம். அங்கே எதிர்க்கேள்வி கேட்பவர் நின்றுகொண்டு, கையை ஓங்கித் தட்டிக் கேட்பார். பதில் சொல்பவர் உட்கார்ந்திருக்க வேண்டும்.